ருக்குவின் பாயசத்தைக் குடித்தவன்

என் தம்பி தமிழ்ச்செல்வனைப் பற்றிச் சொல்வதென்றால் அவன் வயிற்றிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். முகம், படிப்பு, குணம் எல்லாம் அப்புறம். சொந்தக்காரர் கல்யாணங்களில் தாலி கட்டுவதை அவன் பார்த்திருக்கிறானோ இல்லையோ, முதல் பந்தியைத் தவறவிட்டதே கிடையாது. விருதுநகரில் எங்கள் தெருவில் அவனுக்குப் பெயரே மொதப் பந்தி. "மொதப் பந்தி வந்துட்டானா, இலையைப் போடலாமா?" என்று சமையல்காரரே கேட்பார். அதற்காக ஆள் குண்டு என்று நினைத்துவிட வேண்டாம். ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பான். தின்பதெல்லாம் எங்கே போகிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஹைதராபாத்துக்கு வந்தான். பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனி லேபில் வேலை. மாத்திரைகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை, ஷிப்ட் முறை. உள்ளே போனால் தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், மேலே ஒரு நீலக் கோட்டு. லேபுக்குள் ஒரு வேர்க்கடலையைக்கூட வாயில் போடக் கூடாது. "உனக்கேத்த தண்டனைடா" என்பேன் நான். அவன் கவலைப்பட மாட்டான். ஷிப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவில் தொத்திக்கொண்டு வந்து, ஸ்டாண்டில் இறங்கியதும் மிளகாய் பஜ்ஜி வண்டிக்கு முன்னால்தான் நிற்பான். உள்ளே விட்டதையெல்லாம் அங்கே பிடித்துவிடுவான்.

ஏன்டா இப்படித் தின்கிறாய் என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான் வரும். "எல்லாம் இளங்கோவன் மாமா கைராசி."

எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுவது தாய்மாமன். குழந்தையை மடியில் வைத்து, ஒரு வாய் பாயசமோ நெய்ச்சோறோ கொடுப்பார். முதலில் ஊட்டியவர் கை எப்படியோ, குழந்தை வாழ்நாள் முழுக்க அப்படித்தான் சாப்பிடும் என்று ஒரு நம்பிக்கை. செல்வாவுக்கு ஊட்டியவர் எங்கள் அம்மாவின் அண்ணன் இளங்கோவன் மாமா. அவர் ஒரு வேளைக்கு அரைப்படி அரிசி சாப்பிட்ட மனிதர். எனக்கு ஊட்டும்போது அவருக்குக் காய்ச்சலாம், வாய் கசந்து கிடந்ததாம். அதனால்தான் நான் சாப்பாட்டில் குறை சொல்லிக்கொண்டே வளர்ந்தேன் என்று என் தம்பி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான்.

அவன் காலேஜில் இருந்தபோது அம்மா போய்விட்டாள். அப்பா அருணாசலம் ஊரில் தனியாக இருக்கிறார். காபி போடச் சொன்னால் பால் பொங்கி அடுப்பு அணைந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். நான் உண்டான பிறகு இதுவே எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. முதல் பிரசவம் அம்மா வீட்டில் என்பார்கள். எனக்கு எது அம்மா வீடு? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹைதராபாத்திலேயே கொண்டாப்பூரில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டில் உட்கார்ந்து இதைச் சொல்லி அழுதேவிட்டேன். செல்வா என் தட்டில் மிச்சமிருந்த பூரியைத் தின்றுகொண்டே கேட்டான். அழுகிறவள் முன்னால் தின்கிறானே என்று எனக்கு ஆத்திரம் வேறு.

"அம்மா வீடு எங்கயும் போயிரலக்கா" என்றான். "பட்டான்செருவுலதான் இருக்கு. என்ன, அங்க ஒரு ரூம்ல நாலு பேரு கெடக்கோம். அதனால அம்மா வீடு இங்க வந்துரும், நீ பேசாம இரு."

அப்படியே வந்தும்விட்டது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு திரும்பிய அன்று, ஒரு குக்கர், ஒரு சாக்குச் சின்ன வெங்காயம், அம்மாவின் பழைய அஞ்சறைப் பெட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினான். ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டு மூன்று மாதம் எங்களோடு இருந்தான். பூண்டுக் குழம்பு வைத்தான். பால் சுறா தேடி ஊரெல்லாம் அலைந்து, வாங்கி வந்து புட்டு செய்தான். எனக்கு ஒரு பங்கு, அவனுக்கு இரண்டு பங்கு. "மாப்ள, பிள்ள பெத்தது அவளா நீயா?" என்று என் கணவர் தினேஷ் கேட்பார். "ருசி பாக்காம எப்படி மச்சான் குடுக்கிறது?" என்பான் அவன்.

குழந்தைக்கு ருக்மிணி என்று தினேஷின் அம்மா பெயரை வைத்தோம். என் மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காலமானவர். பெயர் பெரிதாக இருந்ததாலோ என்னவோ, ஆள் சின்னதாக இருந்தாள். நாள் ஆவதற்கு முன்பே அவசரப்பட்டு வந்துவிட்டவள். செல்வா அவளை ருக்கு என்றான், எல்லோருக்கும் ருக்கு ஆகிவிட்டாள். அவளைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து படுக்க வைக்கும்போதெல்லாம் அவன் பாடும் பாட்டு ஒன்றுதான். "மொத சோறு மாமா கையால. என்ன? வேற யாரு குடுத்தாலும் வாயத் தொறக்கக் கூடாது." அவள் வயிற்றிலிருக்கும்போதே ஆரம்பித்த பேச்சு இது. வேறு எதற்கும் அவன் இத்தனை ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து அவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. பல வருடமாக முயற்சி செய்துகொண்டிருந்த வேலை. போனால் இரண்டு வருடத்துக்குத் திரும்ப முடியாது. ருக்குவுக்கு நாலு மாதம் முடிந்து ஐந்து நடக்கும்போது விமானம் ஏற வேண்டும். இன்னும் கொஞ்ச நாள் தள்ளிக் கேட்டான், முடியாது என்றுவிட்டார்கள்.

ஆறு மாதம் முடிகிற வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று எங்கள் டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். இவள் முன்கூட்டிப் பிறந்தவள், இவளுக்கு மாதக் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள், ஆளையும் பாருங்கள் என்றார். சாய்த்து உட்கார வைத்தால் தலை நிற்கிறதா, வாயருகே எதைக் கொண்டுபோனாலும் நாக்கால் வெளியே தள்ளுகிறாளா, நாம் சாப்பிடும்போது கவனிக்கிறாளா, இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டுமாம். ருக்குவுக்குத் தலை அப்போது சரியாக நிற்கவில்லை. நாக்கு எல்லாவற்றையும் தள்ளியது, என் விரலைக்கூட.

இந்த விஷயத்தில் ஜகதீசன் மாமா வந்து சேர்ந்தார். தினேஷின் பெரியப்பா. முப்பது வருடத்துக்கு மேலாக இதே ஊரில் லோத்குண்டாவில் இருக்கிறார், ராணுவ ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சில் இந்த ஊர் உருது ஒட்டிக்கொண்டுவிட்டது, ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் ஏன். எதையாவது ஏற்பாடு செய்யாவிட்டால் மனிதருக்குத் தூக்கம் வராது. நல்லவர்தான். என் மாமனாருக்கும் மாமியாருக்கும் பதில் எங்களுக்கு அவரும் பகவதி அத்தையும்தான். ஆனால் ஒன்று, அவர் கேட்பது போலச் சொல்வார், சொல்வது போலக் கேட்பார்.

"பொண் குழந்தைக்கு ஒத்தைப்படை மாசம்தான் சாஸ்திரம். அஞ்சு நடக்குது, பெர்ஃபெக்ட்" என்றார், பஞ்சாங்கத்தை மூடிவிட்டு. "மாமன்காரன் போறதுக்கு முன்னாடி முடிச்சிடலாம். செகந்திராபாத் முருகன் கோயில்ல ஹால் சொல்லிட்டேன்."

"டாக்டர் ஆறு மாசம் முடியணும்னு சொல்லியிருக்காங்க மாமா."

"ஹவ், டாக்டர் சாப்பாட்டுக்குச் சொல்லியிருப்பாங்க. இது சம்பிரதாயம். மோதிரத்துல தொட்டு நாக்குல வைக்கிறது. ஒரு சொட்டும்மா, ஒரே சொட்டு. அதுக்குக் கைக்கு இவ்வளவு டென்ஷன்?"

நான் தினேஷைப் பார்த்தேன். அவர் செல்வாவைப் பார்த்தார். செல்வா முகம் முழுக்கப் பல்லாக உட்கார்ந்திருந்தான். சின்ன வயதில் பந்தியில் லட்டு வாளி தன் பக்கம் திரும்பும்போது அவனுக்கு வருமே, அந்த முகம். மூன்று மாதம் எனக்கு அம்மாவாக இருந்தவன். அந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் எப்படி மாட்டேன் என்பேன்? சரி மாமா, என்றேன்.

நாள் குறித்தாயிற்று. மாமா தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும் அழைத்தார். அவர் ஆபீஸ் நண்பர்களே பாதி ஊர் இருந்தார்கள்.

விசேஷத்துக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம், ருக்குவுக்கு விட்டமின் சொட்டு மருந்து கொடுக்கும் நேரம். தினமும் நான் கொடுப்பேன். அன்று நான் குளித்துக்கொண்டிருந்தேன், வீட்டுக்கு வந்திருந்த செல்வா எடுத்துக் கொடுத்துவிட்டான். கன்னத்து ஓரமாக மெல்ல விட வேண்டியதை நேராக உள்ளே விட்டுவிட்டான் போல. அவன் கூப்பிட்ட சத்தத்தில் ஈரத்தோடு ஓடி வந்தேன். குழந்தை முகம் குப்பென்று சிவந்து, மூச்சு வராமல் வாய் மட்டும் திறந்து திறந்து மூடுகிறது. வாங்கிக் குப்புறக் கையில் போட்டு முதுகில் தட்டினேன். இருமினாள், அப்புறம் அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

செல்வா சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். சொட்டுக் குழாய் இன்னும் கையில் இருந்தது.

"ஒரு சொட்டுக்கா" என்றான். "ஒரே சொட்டு."

"ஒண்ணும் இல்லடா, சரியாப் போச்சு. பாரு, பால் குடிக்கிறா."

அன்று அவனே வைத்த மீன் குழம்பு. தட்டு போட்டுக் கூப்பிட்டேன், வரவில்லை. பசிக்கவில்லை என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. அம்மா போன அன்றுகூட, எல்லோரும் அழுது ஓய்ந்த பிறகு, "அக்கா, ஏதாச்சும் இருக்கா?" என்று என்னிடம் வந்து நின்ற பிள்ளை அவன்.

எனக்கு அன்றே விசேஷத்தை நிறுத்திவிட வேண்டும் போலிருந்தது. தினேஷிடம் சொன்னேன். "ஹால் சொல்லி, ஆள் சொல்லி, சமையலுக்கும் சொல்லியாச்சு. இப்ப நிறுத்தினா பெரியப்பா ஜென்மத்துக்கும் நம்ம வாசல மிதிக்க மாட்டாரு. செல்வா முகத்த வேற நெனச்சுப் பாரு" என்றார். அதுவும் உண்மைதான். செல்வா மஸ்கட் போய்விடுவான். அப்புறம் மாமாவோடும் அத்தையோடும் இந்த ஊரில் இருக்கப் போகிறவள் நான். பேசாமல் இருந்துவிட்டேன். 

கோயில் ஹாலில் மாமா ஒரு பெரிய பட்டுத் துணியை விரித்து அதன்மேல் புத்தகம், பேனா, தங்கச் சங்கிலி, ஸ்டெதாஸ்கோப், மண் உருண்டை எல்லாம் பரப்பி வைத்திருந்தார். இங்கே தெலுங்குக்காரர்கள் வீட்டு அன்னப்பிராசனத்தில் இது உண்டு. குழந்தை தவழ்ந்துபோய் எதைத் தொடுகிறதோ அதுதான் அதன் எதிர்காலம். இத்தனை வருடம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவர், இதை மட்டும் விடுவாரா? ஆனால் அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு அந்த வயதில் உட்காரவாவது தெரியும். ருக்குவுக்குக் குப்புற விழவே தெரியாது.

"மாமா, இவ எப்படித் தவழுவா?" என்றேன்.

மாமா ஒரு நிமிடம் யோசித்தார். "நக்கோ, தவழ வேணாம். உக்கார வெச்சு லேசா விடு. எந்தப் பக்கம் சாயறாளோ அதுதான்."

செல்வா அவளை உட்கார வைத்தான், ஒரு கையை முதுகிலிருந்து எடுக்காமல். தலை முன்னால் தொங்கியது. பின்னால் போனது. அப்புறம் ஒரேயடியாகப் பக்கவாட்டில் சாய்ந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது. "புஸ்தகம், புஸ்தகம்! பாத்தீங்களா, புஸ்தகத்துப் பக்கம்தான்!" என்று மாமா அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். செல்வா சிரிக்கவில்லை. அந்தக் குட்டித் தலையைக் கையில் ஏந்தியபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் சாமிக்கு நைவேத்தியம் செய்த பாயசம் வெள்ளிக் கிண்ணத்தில் வந்தது. பகவதி அத்தை தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். செல்வா பட்டு வேட்டி கட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான், மடியில் ருக்கு. நான் அவன் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். குருக்கள் மந்திரம் சொல்லி, "மாமா, மூணு தடவை ஊட்டுங்கோ" என்றார்.

மோதிரத்தைப் பாயசத்தில் தொட்டு எடுத்தான். வாயருகே கொண்டுபோனான். ருக்குவின் நாக்கு வெளியே வந்து அந்த மோதிரத்தைத் தள்ளியது. தலை அவன் முழங்கை மடிப்பில் சரிந்தது. அவன் கை அங்கேயே நின்றுவிட்டது.  ஒரு முறை என்னைப் பார்த்தான். நான் என்ன முகத்தோடு இருந்தேனோ தெரியாது.

மோதிரத்தைத் தன் வாயில் வைத்துக்கொண்டான்.

"சக்கரை கம்மி" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு அந்த வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து அண்ணாந்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஒட்டியிருந்த முந்திரிப் பருப்பையும் விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டான்.

 முதலில் யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். ஜகதீசன் மாமா மட்டும் சிரிக்கவில்லை.

"என்னய்யா பண்ணிட்ட? பாப்பாவுக்குன்னு வெச்சதை நீயே குடிச்சிட்டியே?"

"பசிச்சுருச்சு மாமா. காலையிலேர்ந்து வெறும் வயிறு. வாசனை வேற தூக்குச்சு."

"பசிச்சா கேக்கக் கூடாதா தம்பி? பெரிய பாத்திரத்துல அவ்வளவு இருக்கே" என்று பகவதி அத்தை பாவமாகக் கேட்டார். மாமா குருக்களிடம் திரும்பி, வேறு பாயசம் வைத்து இன்னொரு முறை செய்யலாமா என்றார். "நாழியாயிடுத்து. ராகு காலம் வந்துடுத்து. இன்னொரு நாள் பாத்துக்கலாமே" என்று குருக்கள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னொரு நாள் எங்கே இருக்கிறது? மறுநாள் அவனுக்கு விமானம்.

அன்று மதியம் முதல் பந்தியில் உட்கார்ந்து செல்வா எல்லாவற்றையும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். மாமா வந்தவர்களிடமெல்லாம் அவனைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். தின்னிப்பண்டாரம், சோத்து மூட்டை என்று என் காதிலேயே விழுந்தது. திட்டெல்லாம் அவனுக்கு, எனக்கு ஒரு சொல் வரவில்லை. என் மேல் வந்திருக்க வேண்டிய சண்டையை என் தம்பி வயிற்றில் வாங்கிக்கொண்டுவிட்டான். அந்த இடத்திலேயே அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. அழுதால் குட்டு உடைந்துவிடுமே என்று கூட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போய்விட்டேன்.

வீடு திரும்பும்போது காரில் கேட்டேன். "ஏன்டா அப்படிப் பண்ணின?"

"பசிச்சுதுக்கா."

"காலையில நான் சுட்ட இட்லியெல்லாம் யாருடா தின்னது? பக்கத்து வீட்டுப் பூனையா?"

அவன் மடியில் தூங்கிக்கொண்டிருந்த ருக்குவின் தலைக்கு அடியில் கையைக் கொடுத்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

மறுநாள் பெட்டி கட்டும்போது அந்த நீலக் கோட்டை என்னிடம் தூக்கிப் போட்டான். "நல்ல காட்டன்க்கா. அவளுக்கு இடுப்புத் துணி போட ஆகும், கிழிச்சுக்க." ஏர்போர்ட்டில் குழந்தையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "ருக்கு, மாமா வர்றதுக்குள்ள எல்லாத்தையும் தின்னு தீத்துராத" என்றான். பிறகு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான்.

கோட்டை நான் கிழிக்கவில்லை. துவைத்து மடித்து ருக்குவின் அலமாரியில் வைத்தேன்.

ஆறு மாதம் முடிந்து, அதற்கு மேலும் சில வாரம் போயின. எனக்குப் பிரசவ லீவு முடிகிற நேரம். ஒரு காலை தினேஷ் ருக்குவை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தற்செயலாகத்தான் பார்த்தேன். அவர் கை தட்டுக்குப் போனால் இவள் கண் தட்டுக்குப் போகிறது. கை வாய்க்கு வந்தால் கண் வாய்க்கு வருகிறது. அவர் வாயைத் திறந்தால் இவளும் திறக்கிறாள். கழுத்து நட்டு வைத்த மாதிரி நின்றது. நாலாவது இட்லிக்குப் பொறுமை போய், முன்னால் பாய்ந்து சட்னியில் கையை விட்டுவிட்டாள். டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். "இப்பக் குடுங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

ஜகதீசன் மாமாவுக்குப் போன் செய்தேன். கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. "மாமன் முறைக்கு ஒரு ஆள் வேணுமே. விருதுநகர்ல உனக்கு ஒண்ணுவிட்ட தம்பி யாராவது இருந்தாக் கூப்பிடு. அவனாவது வயித்தக் கட்டுவானா கேளு" என்றார்.

"மாமன் இருக்கான் மாமா. நீங்க வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் வந்தார்கள். பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, மசித்து, கஞ்சியாக்கி வைத்திருந்தேன். சர்க்கரை இல்லை, உப்பு இல்லை. சாமி படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த நீலக் கோட்டை எடுத்து என் மடிமேல் விரித்தேன். அதன்மேல் ருக்குவை உட்கார வைத்தேன்.

"இது என்னம்மா, கம்பெனிக் கோட்டு?" என்றார் மாமா.

"மாமன் மடி" என்றேன்.  

மாமா என்னைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். நேராக நிற்கிற அந்தத் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கோயிலில் அது எப்படித் தொங்கியது என்று அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு மெல்லக் குனிந்து, தரையில் கிடந்த கோட்டின் கையை எடுத்துத் தூசி தட்டி, ருக்குவின் இடுப்பைச் சுற்றி வைத்தார். ஒரு ஆள் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருப்பது போலவே இருந்தது.

"பைத்தியக்காரப் பய" என்றார். யாரைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

முதல் கரண்டி. நாக்கு வெளியே வரவில்லை. முகத்தை ஒரு சுளி சுளித்தாள், யோசித்தாள், கொஞ்சம் மோவாயில் வழிந்தது, மிச்சம் உள்ளே போனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் தொண்டையையே பார்த்தேன். விழுங்கிவிட்டாள். இருமவில்லை. கரண்டி வருகிற திசையைக் கண்டுபிடித்து, அதற்கு நேராக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏன் நிறுத்தினாய் என்பது போல என் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். கஞ்சி நீலக் கோட்டெல்லாம் தெறித்தது.

"கைராசி அவனோடதேதான். இந்தா, மொதப் பந்தி" என்று பகவதி அத்தை சிரித்தார்.

செல்வாவுக்கு அப்போது ஷிப்ட். லேபுக்குள் போன் கொண்டுபோக முடியாது. சாயங்காலம் வெளியே வந்ததும் அவனே கூப்பிட்டான். நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டான் போல. கோட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"துப்பிட்டாளாக்கா?"

"இல்லடா."

"இருமினாளா?"

"இல்லடா. கிண்ணத்த வழிச்சு வெச்சுட்டா. இன்னும் குடுன்னு என்னை அடிக்கிறா. உன் மருமகதான, வேற எப்படி இருப்பா?"

 

"அக்கா" என்றான். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "அன்னைக்கு அந்தப் பாயசம் எனக்குத் தொண்டையிலேயே நின்னுருச்சுக்கா. இத்தனை நாளா அங்கதான் நின்னுச்சு. இன்னைக்குத்தான் எறங்குச்சு."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் ருக்கு கோட்டின் கையை எடுத்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"சரி சரி" என்றேன். "போய்ச் சாப்புடு போ."